ஆறு பேர் எழுதிய ஆறு அறிக்கைகள்

வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் வார இறுதி எம்பிஏ வகுப்பொன்றில் படிக்கிறேன். வேலை வங்கியில். முதலாம் பருவத்தில் விரிவுரையாளரே எங்களை ஆறு ஆறு பேராகப் பிரித்துவிட்டார். எங்கள் குழுவில் நானும், திணைக்களம் ஒன்றில் கணக்காளராக இருக்கும் 46 வயது அண்ணா ஒருவரும், பொறியியலாளர் ஒருவரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். மற்ற மூவரில் ஒருவர் சோனகத் தெருவைச் சேர்ந்த மொத்த வியாபாரி. அடுத்தவர் மலையகத்துப் பண்டாரவளைத் தங்கச்சி. 25 வயது, கிளிநொச்சியில் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை. ஆறாமவர் குருநாகலைச் சேர்ந்த சிங்கள நண்பர், ஆடைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு முகாமையாளர். அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், கதைக்க வராது.

முதல் ஒப்படை ஒரு கேஸ் ஸ்டடி. யாழ்ப்பாணத்துப் பழச்சாற்றுக் கம்பனி ஒன்று தெற்கில் விற்கப் போகலாமா என்பது விடயம். ஆறு கேள்விகள் இருந்தன. ஆளுக்கொன்றாகப் பிரித்து, கடைசி இரவு ஒன்றாக ஒட்டிக் கொடுத்தோம். 48 புள்ளிதான் கிடைத்தது. சந்தைப்படுத்தல் பகுதியில் போத்தல் விலை 590 ரூபா. அதற்குள் வற் என்ற பெறுமதி சேர் வரியும் அடக்கம். நிதிப் பகுதி எழுதிய நான் அந்த 590ஐ அப்படியே வருமானமாக எடுத்துவிட்டேன். புள்ளி வந்த பிறகு தேநீர்க் கடையில் வைத்து வியாபாரி, "கடைக்காரர் ரெண்டு மாசத்துக்குப் பிறகுதான் காசு தருவினம், அதை நீங்கள் போடேல்லை" என்றார். சிங்கள நண்பர், போத்தல்களில் நூற்றுக்குக் குறைந்தது நான்கு கசிந்து வீணாகும் என்றார். முதலே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "கேக்கேல்லையே" என்கிறார்கள். தங்கச்சி கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. உண்மையைச் சொன்னால், யாழ்ப்பாணத்து ஆட்கள் மூவரும் தனியாக ஒரு வட்ஸ்அப் குழுவில் கதைத்து முடிவெடுத்துவிடுகிறோம். அதுதான் விரைவாக இருக்கிறது.

விரிவுரையாளரிடம் சொல்லி எங்களைப் போன்ற ஆட்களோடு குழு மாற்றிக்கொள்ளலாமா? அது முடியாதென்றால் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது? அடுத்த மாதம் பிரசன்டேஷனும் இருக்கிறது. ஆங்கிலம் நன்றாக வரும் நானும் பொறியியலாளரும் செய்தால் போதாதா?

வி., கொக்குவில்

பதில்

அன்புள்ள வி.,

குழுவை மாற்ற வேண்டாம். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கணக்காகப் போட்டுப் பார்ப்போம். விலை உங்களுடையது, மற்ற எண்களை உதாரணத்துக்கு வைக்கிறேன்.

590 ரூபாவில் வற் வரி 90 ரூபா (500க்கு 18 சதவீதம்) அரசுக்குப் போனால் கம்பனிக்கு மிஞ்சுவது 500. போத்தல் ஒன்றின் மாறும் செலவு 350 ரூபா, மாதாந்த நிலையான செலவு 36 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 590ஐ வருமானமாக எடுத்தால் போத்தலுக்கு 240 ரூபா பங்களிப்பு, அதாவது மாறும் செலவு போக மிஞ்சுவது. 15,000 போத்தல் விற்றால் இலாபமும் நட்டமும் இல்லாத இடத்துக்கு வந்துவிடலாம். சரியான 500ஐ எடுத்தால் பங்களிப்பு 150தான். 24,000 போத்தல் விற்க வேண்டும். இது வரி தெரியாததால் வந்த பிழையல்ல. வங்கியில் இருக்கும் உங்களுக்கும் கணக்காளர் அண்ணாவுக்கும் வற் பற்றி நன்றாகத் தெரியும். விலையை எழுதியவரும் அதை எடுத்துக் கணக்குப் போட்டவரும் ஒரே மேசையில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, சிங்கள நண்பர் சொன்ன கசிவு. நூற்றுக்கு நான்கு வீணானால் விற்கக்கூடிய போத்தல் ஒன்றின் செலவு ஏறக்குறைய 365 ரூபாவாகும். தேவையான விற்பனை 26,600 போத்தல் அளவுக்கு ஏறிவிடும். வியாபாரி சொன்ன இரண்டு மாதக் கடனையும் பாருங்கள். கசிவை விட்டு, மாதம் 24,000 போத்தல் என்றே வைத்தாலும், 48,000 போத்தலுக்குச் செலவழித்த 1 கோடியே 68 இலட்சம் ரூபா கடைகளில் தங்கிவிடும். அந்தக் காசை எங்கே எடுப்பது, அதற்கு வட்டி எவ்வளவு என்பதுதான் தெற்கே போவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். தங்கச்சி என்ன சொல்லியிருப்பார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தொண்டு நிறுவனத்தில் சிறு உற்பத்தியாளர்களோடு பழகியவராக இருந்தால், மாம்பழம் வருடம் முழுவதும் வராது, பருவத்தில் வாங்கிக் கூழாக்கி வைக்காவிட்டால் தொழிற்சாலை சும்மா கிடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் கேளுங்கள்.

ஆக, கேஸைத் திருப்பிப் போடக்கூடிய விடயங்கள் அந்த மூவரிடம்தான் இருந்தன. உங்களைப் போன்ற ஆறு பேர் இருந்திருந்தால் வற் பிழை மட்டும் பிடிபட்டிருக்கும். மற்றவை தேநீர்க் கடையில்கூட வெளிவந்திரா.

இது உங்கள் குழுவுக்கு மட்டும் வரும் நோயல்ல. கரல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் இதை ஆய்வில் காட்டினார்கள். ஒரு குழுவில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விடயங்களே திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வருவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னால் மற்றவர் தலையாட்டுவார். தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்பவர் அதை நிரூபிக்கவும் வேண்டும். அந்தச் சுமைக்குப் பயந்தே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆகவே "ஏதாவது சொல்லுங்கோவன்" என்று கேட்பதால் பயனில்லை. அந்த விடயம் மேசைக்கு வந்தே ஆகும்படி ஒழுங்கை மாற்ற வேண்டும்.

அதற்கு ஒரு பக்கத் தாள் போதும். கேஸை ஆறு பேரும் முழுதாக வாசிக்க வேண்டும். தன் கேள்விக்குரிய பக்கங்களை மட்டும் வாசிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வாசித்து முடித்ததும், யாரோடும் கதைக்காமல், ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும். கம்பனியின் பிரச்சினை என்ன என்று இரண்டு வரி. அட்டவணைகளில் இருந்து முக்கியமான மூன்று எண்கள், பக்க இலக்கத்தோடு. என் முடிவு, அதற்கான ஒரு காரணம். கடைசியாக, "இந்தக் கேஸில் எழுதப்படாத, என் வேலையால் எனக்குத் தெரிந்த ஒன்று". சனிக்கிழமை கூட்டமென்றால் வெள்ளி இரவு 9 மணிக்குள் ஆறு தாளும் பொதுக் கோப்புறையில் இருக்க வேண்டும். கூட்டம் அந்தக் கடைசி வரிகளை வாசிப்பதில் இருந்தே தொடங்கட்டும். அப்படி வாசிக்கும்போது யாரும் மறுப்புச் சொல்லக் கூடாது. குறித்துக்கொள்ள மட்டும் வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம். சிங்களத்தில் எழுதினால் எழுதியவரே ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிடட்டும்.

இனி, நீங்கள் கேள்விகளைப் பிரித்த விதம். கேஸ் என்பது ஒரு சங்கிலி. பிரச்சினையைத் தவறாகப் பிடித்தால் மாற்று வழிகள் தவறும். விலையை மாற்றினால் விற்பனை அளவு மாறும், காசுப் பாய்ச்சலும் மாறும். அதை ஆறு துண்டாக வெட்டினால் ஒவ்வொருவரும் தன் துண்டுக்கு ஏற்ற ஒரு கம்பனியைக் கற்பனை செய்துவிடுவார். கேஸ் முறையை வளர்த்த ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் சிறு குழு வகுப்புக்கு முன்னரே கூடுகிறது. தனியாக யோசித்ததை நான்கைந்து பேரிடம் உரசிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவதுதான் நோக்கம். வேலையைப் பங்குபோடுவது பிறகு வருவது. நீங்கள் முதல் நாளே பங்குபோட்டுவிட்டீர்கள்.

கூட்டத்துக்கு 90 நிமிடம் வையுங்கள், அதற்கு மேல் நீட்ட வேண்டாம். அந்தத் தனி வரிகளுக்கு 10 நிமிடம். பிரச்சினை எது என்பதற்கு 20. மாற்று வழிகளுக்கு 20. எக்ஸலைத் திரையில் போட்டு ஆறு பேரும் பார்க்க எண்களுக்கு 25. கடைசி 15 நிமிடத்தில்தான் யார் எதைச் செய்வது என்பது. இதில் வழக்கமாகப் பிழைப்பது இரண்டாவது கட்டம். எல்லோரும் "விற்பனை குறைவு" என்று சொல்லிவிட்டுத் தீர்வுக்குத் தாவுவார்கள். விற்பனை குறைவது அறிகுறி. ஏன் குறைந்தது, எந்தப் பிரதேசத்தில், எந்த மாதத்தில் என்று மூன்று தடவையாவது கேளுங்கள்.

அனுமானங்களுக்குத் தனித் தாள் ஒன்று கட்டாயம் வேண்டும். எக்ஸலின் முதல் பக்கத்தில் விலை (வரி சேர்த்ததா, சேர்க்காததா), மாத அளவு, வீணாகும் வீதம், கடன் நாட்கள், வட்டி வீதம், டொலர் மாற்று வீதம், அது எந்தத் திகதிக்கு உரியது, இவை எல்லாம் ஒவ்வொரு வரியாக இருக்கட்டும். 2022இல் சில கிழமைகளுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவில் இருந்து 360 வரை போனதைக் கண்ட நாட்டில், திகதி இல்லாத மாற்று வீதத்துக்குப் பெறுமதி இல்லை. அறிக்கையில் எந்த எண் வந்தாலும் அந்தத் தாளில் இருந்துதான் வர வேண்டும். மாற்ற விரும்புபவர் மற்ற ஐவருக்கும் அறிவித்துவிட்டு மாற்றட்டும். ஒப்படைக்க 48 மணித்தியாலத்துக்கு முன் தாளைப் பூட்டிவிடுங்கள். அறிக்கையை முழுவதும் ஒருவரே எழுத வேண்டும். மற்றவர்கள் எண், வாதம், வரைபு கொடுக்கலாம். அடுத்த கேஸை வேறொருவர் எழுதட்டும். முடிந்த பின் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் எண்களைத் தாளோடு ஒப்பிட வேண்டும். 40 நிமிடம் போகும். 590 பிழை அங்கே பிடிபட்டிருக்கும்.

இப்போது கொஞ்சம் கடினமான விடயம். டோரா லாவ், கீத் மர்னிகன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். குழுவில் வேறுபாடுகள் இருப்பது பெரிய ஆபத்தில்லை. வேறுபாடுகள் எல்லாம் ஒரே கோட்டில் விழுவதுதான் ஆபத்து. வயல் நிலம் வெடிப்பது போல, பல சின்ன வெடிப்புகள் குறுக்கும் மறுக்குமாக இருந்தால் நிலம் தாங்கும். எல்லாம் ஒரே திசையில் ஓடிச் சேர்ந்தால் இரண்டாகப் பிளக்கும். உங்கள் குழுவைப் பாருங்கள். ஒரு பக்கம் யாழ்ப்பாணத்து மூவர், வங்கியும் அரச உத்தியோகமும். மறுபக்கம் வெளியே இருந்து வந்தவர்களும் வெளியே இருப்பவர்களாக நடத்தப்படுபவர்களும், வியாபாரமும் தொழிற்சாலையும் தொண்டு நிறுவனமும். ஊர், தொழில் இரண்டும் ஒரே கோட்டில். சோனகத் தெரு யாழ்ப்பாணத்துக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் உங்கள் "யாழ்ப்பாணத்து ஆட்கள்" கணக்கில் வியாபாரி இல்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்களின் பின் திரும்பி வந்த முஸ்லிம் சமூகம் அது. அவரது குடும்பத்தின் கதை எதுவாக இருந்தாலும், தன் சொந்த ஊரிலேயே வெளியாளாக எண்ணப்படுவதை அவர் கவனிக்காமல் இருக்க மாட்டார். நீங்கள் வேண்டுமென்று எழுதவில்லை என்று தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

அந்த மூவர் வட்ஸ்அப் குழுவை இன்றே மூடுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். அது இருக்கும்வரை ஆறு பேர் கூட்டம் ஏற்கெனவே எடுத்த முடிவை அறிவிக்கும் இடமாகத்தான் இருக்கும். மற்ற மூவரும் அதை முதல் வாரத்திலேயே உணர்ந்திருப்பார்கள். அடுத்து, வேலைக்கு இரண்டிரண்டு பேராகச் சேருங்கள், கோட்டுக்குக் குறுக்காக. நீங்களும் வியாபாரியும் காசுப் பாய்ச்சலைச் செய்யலாம். பொறியியலாளரும் சிங்கள நண்பரும் உற்பத்தி, வீணாகும் அளவு, கொண்டுசெல்லும் செலவு. அண்ணாவும் தங்கச்சியும் மூலப்பொருளும் செலவுக் கணக்கும். அடுத்த கேஸில் சோடிகளை மாற்றுங்கள்.

இன்னுமொன்று. "உங்கட ஆக்கள் இதை வாங்குவினமோ?" என்று வியாபாரியிடமோ குருநாகல் நண்பரிடமோ கேட்காதீர்கள். ஒரு சமூகம் முழுவதற்கும் பதில் சொல்ல அவர் வரவில்லை. "உங்கள் கடையில் எந்த அளவுப் போத்தல் ஓடுகிறது?" என்று கேளுங்கள்; அதற்கு அவரிடம் பதில் இருக்கிறது. அதுபோல, எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்ற யாழ்ப்பாணத்து முதற் கேள்வியையும் விட்டுவிடலாம். இங்கே படித்தவருக்கு அது உறவைத் தொடங்கும் கேள்வி. பண்டாரவளையில் இருந்து வந்தவருக்கு அது கதவைச் சாத்தும் கேள்வி. அவரது பேச்சுத் தமிழைத் திருத்துவதோ அதைச் சொல்லிச் சிரிப்பதோ கூடவே கூடாது.

தங்கச்சி ஏன் பேசுவதில்லை? உங்கள் மேசையில் 46 வயது அண்ணா முதலில் பேசுகிறார் என்று ஊகிக்கிறேன். அவர் பேசிய பிறகு 25 வயதுப் பிள்ளை "அது பிழை" என்று சொல்வது எங்கள் வளர்ப்பில் இல்லை. அண்ணா நல்லவராக இருக்கலாம், அதனால் ஒன்றும் மாறாது. பேசும் ஒழுங்கை மாற்றுங்கள்: வயதில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். இதை அண்ணாவே முன்மொழிந்தால் மரியாதைக் குறைவு என்ற பேச்சுக்கு இடமில்லை. அவரிடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள். முடிவெடுத்ததும் இன்னொரு பயிற்சி உண்டு. உளவியலாளர் கேரி கிளைன் பரப்பியது. "இரண்டு வருடம் கழிந்துவிட்டது, நாங்கள் சொன்ன திட்டம் படுதோல்வி. ஏன்?" என்று கேட்டு, ஐந்து நிமிடம் எல்லோரும் மௌனமாகக் காரணங்களை எழுதுவது. தோல்வி நடந்துவிட்டதாக வைத்துக்கொள்வதால், குறை சொல்வது அண்ணாவை எதிர்ப்பதாகத் தெரியாது.

மொழியைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் மட்டும் கதைப்பது என்று விதி போட வேண்டாம். போட்டால் யோசனை ஆங்கிலத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். தமிழில் கதையுங்கள், ஆனால் பலகையில் எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒருவர் நிறுத்தி, இதுவரை பேசியதை ஆங்கிலத்தில் மூன்று வரியில் சொல்லட்டும். அந்த ஆள் ஒவ்வொரு கூட்டத்திலும் மாற வேண்டும். சிங்கள நண்பரிடம் கேள்வி கேட்டால் பத்து வினாடி காத்திருங்கள். அவர் தலைக்குள் இரண்டு மொழி கடந்து வர வேண்டும். இடையில் நீங்கள் பதிலை நிரப்பிவிட்டால் அடுத்த முறை முயலவே மாட்டார். மூன்று மொழியிலும் முப்பது நாற்பது சொற்களுக்கு ஒரு பட்டியல் செய்துகொள்ளுங்கள். "வருமானம்" என்று ஒருவர் விற்பனையைச் சொல்வார், மற்றவர் இலாபத்தைச் சொல்வார். மொத்த இலாபம், தேறிய இலாபம், விற்பனை, காசு வரவு, இந்த நான்கையும் முதலில் பிரித்துவிடுங்கள்.

வேலை செய்யாதவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது வரும். மக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். முடிவு 1913இல் வெளிவந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியே இழுக்கக்கூடியதன் கூட்டுத்தொகையில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. ஒரு பகுதி, ஒரே கணத்தில் இழுக்காததால். தேர்வடம் பிடித்தவர்களுக்கு இது விளங்கும். மறு பகுதி, தன் பங்கு தெரியாது என்பதால் கை தளர்வது. பங்கு தெரியும்போது தளர்ச்சி குறைகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு திகதி. கூகுள் டொக்ஸில் எழுதினால் யார் எப்போது எதை எழுதினார் என்பது தானாகவே பதிவாகும். ஒருவர் ஒரு தடவை தவறினால் தனியாகக் காரணம் கேளுங்கள். இரண்டாம் தடவையும் தவறினால் ஒப்படைக்க முன்பே விரிவுரையாளரிடம் சொல்லுங்கள். புள்ளி வந்த பிறகு சொல்வது முறைப்பாடாகத்தான் போகும்.

காரணம் பல நேரம் நாட்காட்டியில் இருக்கும். பருவத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் ஆறு பேரும் தங்கள் இறுகிய நாட்களைக் குறியுங்கள். உங்களுக்கு மாத முடிவும் டிசம்பர் 31உம். அண்ணாவுக்கும் வருட முடிவுக் கணக்கு. வியாபாரிக்கு வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை. நோன்பு மாதத்தில் பின்னேரம் 5 மணிக்குக் கூட்டம் வைத்தால் நோன்பு துறக்கும் நேரத்தோடு மோதும். நல்லூர்த் திருவிழா 25 நாள், வெசாக்குக்குக் குருநாகல் நண்பர் ஊருக்குப் போவார். இதை முதலே எழுதி வைத்தால் பாதிச் சண்டை வராது.

இவ்வளவும் செய்தாலும் முதல் இரண்டு மூன்று கூட்டம் சுகமாக இராது. 2009இல் கதரின் பிலிப்ஸ் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வில், வெளியாள் ஒருவர் சேர்ந்த குழுக்கள் தங்கள் உரையாடல் சரியாகப் போகவில்லை என்றும் முடிவில் நம்பிக்கை குறைவு என்றும் சொன்னார்கள். ஆனால் சரியான விடையை அதிகம் கண்டது அந்தக் குழுக்கள்தான். ஆகவே அந்தச் சங்கடத்தை வைத்துக் குழு பிழை என்று முடிவு கட்டாதீர்கள். மொழியையோ மதத்தையோ ஊரையோ சொல்லி ஒருவர் இன்னொருவரைத் தொடர்ந்து இழிவுபடுத்தினால் அது வேறு. அப்போது தாமதிக்காமல் விரிவுரையாளரிடம் போங்கள்.

பிரசன்டேஷன். நீங்களும் பொறியியலாளரும் மட்டும் செய்ய வேண்டாம். 15 நிமிடம் சரளமாகப் பேசலாம், கேள்வி நேரத்தில் "இந்த நான்கு சதவீதம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் உங்கள் இருவரிடமும் பதில் இருக்காது. கடனைப் பற்றி வியாபாரி இரண்டு நிமிடம், கசிவைப் பற்றிச் சிங்கள நண்பர் இரண்டு நிமிடம், முடிவைத் தங்கச்சி. ஒவ்வொருவரும் தன் பகுதிக்கு ஆறு குறு வாக்கியம் எழுதட்டும். எண்கள் திரையில் பெரிதாக இருந்தால் ஆங்கிலம் தடுக்கினாலும் கேட்பவருக்கு விளங்கும். மூன்று ஒத்திகை போதும். முதலாவது சிலைட் இல்லாமல், இரண்டாவது மணிக்கூட்டோடு. மூன்றாவதில் ஒவ்வொருவரும் மற்றவருடைய பகுதிக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கேதான் ஓட்டைகள் தெரியும், இதற்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். நேரத்தைக் குறிக்க முன், கிளிநொச்சிக்குத் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று தங்கச்சியிடம் கேட்டுவிடுங்கள்.